கார்பன் வரி வேண்டாம் என்பவர்களுக்குப் பருவநிலை பற்றி அக்கறை இல்லையா?

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்களில் கல்லூரி ஆய்வுக்காக 150 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். மழை தவறிப் பெய்கிறது, வெயில் கூடிவிட்டது என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ‘கார்பன் வரி விதித்தால் ஆதரிப்பீர்களா?’ என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். (டீசல், பெட்ரோல், நிலக்கரி எரிக்கும்போது வரும் கரியமில வாயுவுக்கு, அதாவது கார்பன் டை ஆக்சைடுக்கு, அரசு வாங்கும் கட்டணம்தான் கார்பன் வரி.) எங்கள் பகுதி மக்களுக்கு அக்கறை இல்லையா, இல்லை என் கேள்வித்தாளில்தான் கோளாறா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறவர் வரியை ஏன் மறுக்கிறார் என்பது ஒன்று. அந்த மறுப்பை நீங்கள் சரியாக அளந்தீர்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உலகெங்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. இரண்டாவதற்கு உங்கள் கேள்வித்தாளையும், நீங்கள் எந்த நேரத்தில் எந்த வாசலில் நின்றீர்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் கண்ட முரண் உங்கள் பகுதிக்கு மட்டும் உரியதன்று. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் எடுத்து 2024-ல் வெளியான கணிப்பில், புவி வெப்பமாதலை எதிர்கொள்ள மாத வருமானத்தில் 100-க்கு 1 ரூபாய் தரத் தயார் என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். அரசு இன்னும் செய்ய வேண்டும் என்றவர்கள் 89 சதவீதம். ஆனால் ‘உங்கள் நாட்டில் மற்றவர்கள் எத்தனை பேர் தருவார்கள்?’ என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன சராசரி 43 சதவீதம்தான். நான் கொடுப்பேன், அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கமாட்டார் என்ற நினைப்பு. இந்தியாவைப் பொறுத்தவரை, 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை 4,619 பேரிடம் எடுத்த கணிப்பில், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். சுருக்கமாக விளக்கிச் சொன்ன பிறகு, ஆமாம், நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். ஆகவே, பெயர் தெரியாததை அக்கறையின்மை என்று படிக்கக் கூடாது. கிணறு வற்றியதை நன்றாக அறிந்தவருக்கு, உங்கள் தாளில் இருந்த சொல் மட்டும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வரி என்று வரும்போது ஆதரவைத் தீர்மானிப்பவை எவை? இந்தியா உட்பட 20 நாடுகளில் 40,000 பேருக்கு மேல் கேட்ட ஓர் ஆய்வு மூன்று நம்பிக்கைகளைக் காட்டியது. இந்த வரியால் புகை உண்மையிலேயே குறையுமா? ஏழைகள் தலையில் விழுமா? என் வீட்டுக்கு லாபமா நட்டமா? இந்த மூன்றுக்கும் ஒருவர் மனதில் என்ன விடை இருக்கிறதோ, அதுதான் அவர் பதிலைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதில் ஒரு வரம்பு உண்டு. இந்தியா போன்ற நாடுகளில் அந்த ஆய்வு இணையம் வழியாக எடுத்தது. படித்தவர்களும் நகரத்தாரும் அதில் அதிகம். அரூர் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரிடம் அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. எந்த மூன்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. உங்கள் தாளில் இந்த மூன்றும் இல்லை.

அடுத்து, கணக்கு. எவ்வளவு வரி என்று சொல்லாமல் ‘ஆதரிப்பீர்களா’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தன் மனதில் தோன்றும் மிகப் பெரிய தொகையை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆகவே தொகையை நீங்களே போட்டுக் காட்ட வேண்டும். ஒரு டன் கரியமில வாயுவுக்கு 1,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வருகிறது. ஆகவே லிட்டருக்கு 2 ரூபாய் 68 காசு. பெட்ரோலுக்கு 2.31 கிலோ, அதாவது 2 ரூபாய் 31 காசு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 ரூபாய். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, எனவே 70 காசு. மாதம் 15 லிட்டர் பெட்ரோல் போடும் ஒரு பைக், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர், மாதம் 100 யூனிட் மின்சாரம் என்று ஓடும் குடும்பத்துக்கு நேரடியாக மாதம் 130 ரூபாய் அளவில் கூடும். 5 லிட்டர் பெட்ரோல், இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர், 60 யூனிட் என்று ஓடும் குடும்பத்துக்கு 75 ரூபாய்.

இனி லாரியைப் பாருங்கள். உங்கள் பகுதியில் எதிர்ப்பு எங்கே கெட்டியாகிறது என்பது இங்கேதான் புரியும். ராயக்கோட்டை மண்டியிலிருந்து 10 டன் தக்காளி ஏற்றிச் சென்னைக்குப் போகும் வண்டி, போகச் சுமார் 280 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 56 லிட்டர், வரி 150 ரூபாய். வெறும் வண்டியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 300 ரூபாய். 10,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 3 காசு. கோயம்பேட்டில் தக்காளி வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. இதே கணக்கை வண்டி உரிமையாளர் பக்கமிருந்து போடுங்கள். பெரிய லாரி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,000 லிட்டர். மாதம் 5,360 ரூபாய். தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை லாரிக்காரருக்கு அது பெரிய தொகை. டீசல் ஏறிய அன்றே லாரி வாடகையும் ஏறுவதில்லை; லோடு கொடுப்பவர் ஒப்புக்கொள்ள மாதங்கள் ஆகும். அந்த இடைவெளி முழுவதும் அவர் கையிலிருந்து போகிறது. நாட்டுக்கெல்லாம் மெலிதாகப் பரவும் சுமை ஒருசிலர் மேல் கெட்டியாக விழுகிறது. அந்த ஒருசிலர் டீக்கடையில் சொல்வதைத்தான் ஊர் முழுக்கத் தன் கருத்தாகத் திருப்பிச் சொல்கிறது. இதனால், பதில் சொன்னவர்களில் லாரி, டிராக்டர், பொக்லைன், ஜல்லி கிரஷர், செங்கல் சூளை சார்ந்தவர்கள் யார் என்று தனியே குறித்திருந்தால்தான் உங்கள் எண்களைப் படிக்க முடியும்.

இதே மக்கள் கார்பன் வரிக்குச் சமமான வரிகளை, சில நேரம் இதைவிடப் பெரியதையும், ஏற்கெனவே சத்தமில்லாமல் கட்டியவர்கள் என்பதையும் ஆய்வில் சேருங்கள். 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி வந்தது. 2014-ல் அது 100, 2015-ல் 200, 2016-ல் 400 ரூபாய். ஒரு டன் நிலக்கரியிலிருந்து சுமார் 1.5 டன் கரியமில வாயு என்று வைத்தால், அந்த 400 ரூபாய், கரியமில வாயு டன்னுக்குச் சுமார் 267 ரூபாய் கார்பன் வரிக்குச் சமம். ஒரு யூனிட் அனல் மின்சாரத்தில் 25 காசுக்குச் சற்று மேல். எந்த ரசீதிலும் தனி வரியாக அச்சாகாததால் யாரும் கேட்கவில்லை. தூய எரிசக்திக்கென்று தொடங்கிய அந்தப் பணம் 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி இழப்பீட்டுக் கணக்குக்குப் போனது. 2025 செப்டம்பர் 22-ல் அந்த 400 ரூபாயும் நீங்கி, நிலக்கரிக்கான சரக்கு சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. டீசல் கதை இன்னும் பளிச்சென்று தெரியும். 2020 மே மாதம் மத்திய உற்பத்தி வரி லிட்டருக்கு 13 ரூபாய் ஏறியது. கரியமில வாயுக் கணக்கில் அது டன்னுக்கு 4,850 ரூபாய். கச்சா எண்ணெய் விலை விழுந்திருந்த நேரம் என்பதால் பங்க்கில் விலை அன்று மாறவில்லை, பெரிய எதிர்ப்பும் எழவில்லை. 2022 மே மாதம் 6 ரூபாய் குறைத்தார்கள். டன்னுக்கு 2,200 ரூபாய்க்கு மேல் கார்பன் வரியை எடுத்துவிட்டதற்குச் சமம். அதை எல்லோரும் வரவேற்றார்கள். வரியின் அளவைவிட, அது கண்ணில் படுகிறதா என்பதுதான் கோபத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேர் மறுபக்கம், பணம் திரும்பி வருவது. வசூலித்ததை எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஏழைகளுக்கு லாபமாக முடியும் என்பது பொருளியலாளர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் யோசனை. ஏட்டுக் கணக்கில் அது சரிதான். இந்தியாவில் தலைக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. முழுவதற்கும் 1,000 ரூபாய் வீதம் வசூலித்துத் திருப்பினால், 4 பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய், மாதம் 670 ரூபாய் அளவில் வரும். சிமெண்ட், இரும்பு வழியாக மறைமுகமாக ஏறும் விலையைச் சேர்த்தாலும், சராசரிக்குக் குறைவாகச் செலவழிக்கும் குடும்பத்துக்கு மிச்சம்தான். ஆனால் மக்கள் இதை நம்பவில்லை. 2018 நவம்பரில் பிரான்சில் எரிபொருள் வரி உயர்வுக்கு எதிராக மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தது. அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. 2019-ல் அங்கே எடுத்த ஒரு கணிப்பில், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 110 யூரோ திரும்பும் என்று சொல்லியே கேட்டார்கள். கணக்குப்படி லாபம் அடையக்கூடியவர்களில் பலர் தங்களுக்கு நட்டம் என்றே அடித்துச் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தில் பணத்தின் ஒரு பகுதி மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழிகிறது. கழிவது அங்கே பலருக்குத் தெரியாது. கனடாவில் 2019-ல் தொடங்கிய எரிபொருள் கட்டணத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பிப் போனது. முதலில் வருமான வரிக் கணக்கில் கழித்தார்கள், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போட்டார்கள். தங்களுக்கு வந்ததைப் பலர் குறைவாகவே மதிப்பிட்டார்கள். சரியான தொகையை எடுத்துச் சொன்ன பிறகும் ஆதரவு பெரிதாக ஏறவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணமே நீங்கிவிட்டது.

உங்கள் ஊரில் இதற்குச் சமமான அனுபவம் சமையல் எரிவாயு மானியம். முழு விலை கொடுத்து வாங்குங்கள், மானியம் வங்கிக் கணக்கில் வரும் என்று 2013-ல் சில மாவட்டங்களில் தொடங்கி 2015-க்குள் நாடெங்கும் வந்தது. சில ஆண்டுகள் வரவும் செய்தது. 2020 மே முதல் பெரும்பாலான வீடுகளுக்கு வருவது நின்றது. ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வலா இணைப்புகளுக்கு மட்டும் 2022-ல் 200 ரூபாயும் பிறகு 300 ரூபாயும் வந்தன. ‘வாங்கும்போது வாங்கிக்கொண்டு, அக்கவுண்டில் போடுகிறோம் என்பார்கள், அப்புறம் வராது’ என்று காரிமங்கலத்து அம்மா ஒருவர் சொன்னால், அதை அறியாமை என்று குறிக்காதீர்கள். அது அனுபவம். அதே அம்மாவுக்கு 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்றால், அவர் மனதில் இரண்டு கணக்கும் அருகருகே இருக்கும். நின்றுபோனது எது, வந்துகொண்டிருப்பது எது என்று அவர் ஒப்பிட்டுத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வார். இந்த ஒப்பீட்டை நீங்களே வாய்விட்டுக் கேட்டால் ஆய்வு பல மடங்கு ஆழமாகும். எந்தக் கட்சியின் திட்டம் என்ற பேச்சை மட்டும் உங்கள் வாயிலிருந்து தொடங்காதீர்கள்.

‘வரி’ என்ற சொல்லே மக்களுக்குக் கசக்கிறது என்று முடிவு கட்டவும் வேண்டாம். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்காத வீடு உங்கள் ஊரில் எத்தனை இருக்கும்? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்கிறார்கள். வசதியானவர் கூடக் கொடுக்கிறார், விதவைக்கு விலக்கு உண்டு. தேர் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள். முடிந்ததும் பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று எல்லோர் முன்னும் கணக்கு வாசிக்கிறார்கள். அந்த மூன்று நம்பிக்கைகளில் இரண்டு இங்கே அப்படியே இருக்கின்றன: பலன் கண்ணில் தெரிகிறது, ஏழைக்குச் சலுகை இருக்கிறது. கூடவே, எல்லோரும் கொடுக்கிறார்கள் என்றும் தெரிகிறது. கார்பன் வரியை மறுப்பவர் பெரும்பாலும், கணக்கு வாசிக்கப்படாத ஒரு வசூலைத்தான் மறுக்கிறார் என்பது என் கருத்து. அந்தப் பணம் காடு, பேருந்து, சூரிய மின்சாரம் என்று குறிப்பிட்ட வேலைக்கே போகும் என்று சொன்னால் ஆதரவு கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அந்த வேலை ஏரி தூர்வாருவதாக இருந்தால் ஆதரவு எவ்வளவு கூடும் என்பதை நீங்கள்தான் அளந்து சொல்ல முடியும்.

இதில் எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நம்பிக்கைகளும் ஆதரவோடு இறுகப் பிணைந்தவை என்பது உறுதி. மக்கள் தங்கள் நட்டத்தைக் கூட்டியும், திரும்பி வருவதைக் குறைத்தும் நினைக்கிறார்கள் என்பதும் உறுதி. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் எதிர்ப்பு தணியும் என்பது ஐயத்துக்குரியது. கனடா அதற்கு எதிராகவே நிற்கிறது. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் டன்னுக்கு 23 டாலர் விதித்தபோது, வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தியது. அப்படியும் 2014 ஜூலையில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். வரி புகையைக் குறைக்குமா என்றால், குறைக்கும்; ஆனால் மெதுவாகத்தான். 1991-ல் தொடங்கிய சுவீடன் வரியால் அங்கே போக்குவரத்துப் புகை சுமார் 11 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணில் எரிபொருள் மீதான மதிப்புக் கூட்டு வரியின் பங்கும் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, குறைவு ஆண்டுக்கு 0 முதல் 2 சதவீதம்தான் என்கிறது. நடைமுறைக்கு வந்த பிறகு மக்கள் மனம் மாறுமா? ஸ்டாக்ஹோமில் 2006-ல் நகருக்குள் ஓடும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணத்தை 7 மாதம் சோதனையாக வைத்து, பிறகு வாக்கெடுப்பு நடத்தினார்கள். முன்பு எதிர்த்த நகரம் பாதிக்கு மேல் ஆதரித்தது. சாலை காலியானதைக் கண்ணால் பார்த்தார்கள். கரியமில வாயு குறைவதை அப்படிக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், அந்தப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவரத் தயக்கம் இருக்கிறது.

மாற்று இல்லாத இடத்தில் வரி வெறும் தண்டனையாகத்தான் தெரியும். இதையும் உங்கள் தாள் கவனிக்க வேண்டும். சிலிண்டர் விலை ஏறினால் பென்னாகரம் பக்கத்துச் சமையலறை விறகுக்குத் திரும்பும். அந்தப் புகை முதலில் போவது சமைக்கும் பெண்ணின் நுரையீரலுக்குள். ஆகவே சமையல் எரிவாயுவுக்கு விலக்கு உண்டு என்று ஒரு வாசகம் சேர்த்தாலே பதில்கள் மாறக்கூடும். விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் முழுதும் இலவசம். 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 40 யூனிட், 28 கிலோ கரியமில வாயு. அதற்கான 28 ரூபாயை விவசாயி கட்ட வேண்டியிருக்காது, அது அரசு தரும் மானியத்தில் ஏறும். ஆயிரம் அடி போர்வெல் போட்டவரிடம் ‘மின்சாரத்துக்கு வரி’ என்று பொதுவாகச் சொன்னால், இலவச மின்சாரம் போகப்போகிறது என்றுதான் அவர் காதில் விழும். பேட்டரி ஸ்கூட்டர் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகிறது. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட், 2 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு 4.6 கிலோ. அதை வாங்கும் வசதி உள்ளவருக்கு மாற்று இருக்கிறது, லாரிக்காரருக்கு இன்னும் இல்லை. ‘விலை ஏறினால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு திறந்த கேள்வி வையுங்கள், பட்டியல் கொடுக்காதீர்கள்.

ஓசூர் பக்கம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரலாம். இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவற்றோடு போல்ட், ஸ்குரூ போன்றவையும் அதில் அடங்கும். சொந்த நாட்டில் கார்பன் விலை கட்டியிருந்தால் அது கழியும். ஆகவே ஏற்றுமதிக்குப் போல்ட் செய்யும் பட்டறைக்காரருக்கு, வரியை அங்கே கட்டுவதா இங்கே கட்டுவதா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ல் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது வரியன்று. பெரிய ஆலைகளுக்கு, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு புகைதான் என்று இலக்கு வைக்கும் முறை. தொழிற்பேட்டை ஆட்களையும் கிராமத்து ஆட்களையும் ஒரே அட்டவணையில் கூட்டி ஒரே சதவீதம் போடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வித்தாள். முதலில் ‘கார்பன் வரி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ‘கார் வரி’ என்று காதில் விழ வாய்ப்பு அதிகம். ‘டீசல், பெட்ரோல், நிலக்கரி எரிக்கும்போது வரும் புகைக்கு அரசு வைக்கும் கட்டணம்’ என்று நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு மூன்று வகைத் தாள் அடியுங்கள். மூன்றிலும் தொகை ஒன்றுதான்: டீசலுக்கு 2 ரூபாய் 70 காசு, பெட்ரோலுக்கு 2 ரூபாய் 30 காசு. முதல் தாளில் பணம் எங்கே போகும் என்று சொல்லாதீர்கள். இரண்டாவதில், உங்கள் ஒன்றியத்து ஏரி, பேருந்து வேலைகளுக்குப் போகும், கணக்கு கிராம சபையில் வாசிக்கப்படும் என்று சொல்லுங்கள். மூன்றாவதில், எல்லா ரேஷன் கார்டுக்கும் சமமாகப் பிரித்து ரேஷன் கடையில் கையில் கொடுக்கப்படும் என்று சொல்லுங்கள். மூன்று தாளையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து அடுக்கி, மேலிருந்து வரிசையாக எடுத்துக் கேளுங்கள். ஆளைப் பார்த்து, இவருக்கு இது பொருந்தும் என்று தாளைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும். ‘முற்றிலும் ஆதரிக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் எதிர்க்கிறேன்’ வரை 5 கட்டங்களைப் படித்துக் காட்டினால், முதலில் கேட்டது அல்லது கடைசியில் கேட்டதுதான் பதிலாக வரும். இரண்டு படியாகக் கேளுங்கள்: சரியா, வேண்டாமா? பிறகு, உறுதியாகவா, ஓரளவுக்கா? மழை, வெயில் கேள்விகளைப் பாதித் தாள்களில் வரிக் கேள்விக்கு முன்னும் மீதியில் பின்னும் வையுங்கள். நீங்கள் முதலில் வறட்சியை நினைவூட்டியதால் பதில் மாறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ‘உங்கள் ஊரில் 10 பேரில் எத்தனை பேர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்?’ என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். 125 நாட்டுக் கணிப்பில் கண்ட அந்த 69-க்கும் 43-க்கும் உள்ள இடைவெளி உங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

களத்துக்குப் போகுமுன் 10 பேரிடம் சோதித்துப் பாருங்கள். கேள்வியைப் படித்துவிட்டு, ‘நான் இப்ப என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். 3 பேருக்கு மேல் வேறு எதையோ சொன்னால் வாக்கியத்தை மாற்றுங்கள். வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பலர். அங்கே அவரவர் மொழியில் தாள் எழுதி, அதை இன்னொருவரிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொல்லி, உங்கள் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். வீட்டு வாசலில் சொல்லும் முதல் வாக்கியம், ‘நாங்க அரசாங்கத்துல இருந்து வரல, இதனால உங்களுக்கு வர்ற எந்தத் தொகையும் கூடாது, குறையாது’ என்று இருக்கட்டும். வரி என்று கேட்டுக்கொண்டு தாளோடு வந்தவரைப் பார்த்தால் உரிமைத்தொகையை நிறுத்த வந்திருக்கிறார்கள் என்ற பயம் வரும். வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள், பைக் இல்லை என்பார்கள். பெயர், கைபேசி எண் வாங்காதீர்கள்.

ஆள் தேர்வில்தான் மாணவர் ஆய்வுகள் அதிகம் சறுக்குகின்றன. காலை 11 மணிக்குப் போனால் திண்ணையில் இருப்பது வயதான ஆண்கள். பெண்கள் நூறு நாள் வேலையிலும் களையெடுப்பிலும் இருப்பார்கள், இளைஞர்கள் பெங்களூரிலோ ஓசூர் ஷிப்டிலோ இருப்பார்கள். மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு காலையும் போங்கள். வாக்காளர் பட்டியலில் ஓர் எண்ணிலிருந்து தொடங்கி, சம இடைவெளியில் பெயர் எடுத்து அந்த வீட்டுக்குப் போங்கள். அந்த வீட்டில் 18 வயது நிரம்பியவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் மட்டும் கேளுங்கள். ‘எனக்கென்ன தெரியும், அவரைக் கேளுங்க’ என்று பெண்கள் ஒதுங்குவார்கள். இதில் சரி தவறு இல்லை, உங்கள் அபிப்பிராயம்தான் வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் காத்திருங்கள். கணவர் பக்கத்தில் நின்று பதில் சொன்னால் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

150 பேர் என்பது எவ்வளவு பலம்? மாவட்டம் முழுவதும் சிதறலாக எடுத்திருந்தால் பிழை எல்லை, அதாவது உங்கள் எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூடக்குறைய 8 சதவீதப் புள்ளிகள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி யோசிப்பதால், 5 ஊரில் 30 பேர் வீதம் எடுத்தால் அந்த 150 உண்மையில் 60 பேருக்குச் சமமாகிவிடும். பிழை 12 புள்ளிகளுக்கு மேல். 15 ஊரில் 10 பேர் வீதம் என்றால் சுமார் 100 பேருக்குச் சமம், பிழை 10-க்குள். ஊருக்குள் ஒற்றுமை (ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் எல்லோர் பதிலும் ஒன்றே) 0.05 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சிறிய ஊர்களில் அது இன்னும் கூடலாம். மூன்று வகைத் தாள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 50 பேர்தான். அப்போது இரண்டு தாளுக்கு இடையே 20 புள்ளி வேறுபாடு இருந்தால் மட்டுமே அதை நம்பலாம், ஊர் ஒற்றுமையைக் கணக்கில் எடுக்காமலே. வகைக்கு 200 பேர் என்றால் 10 புள்ளி வேறுபாட்டையும் நம்பலாம். 600 பேரைப் பார்க்க நேரமில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது தாள்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தனி, லாரிக்காரர் தனி என்று 150-ஐ மேலும் உடைத்துச் சதவீதம் போடாதீர்கள். 12 பேரில் 7 பேர் என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கும் 150 தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் ‘வேண்டாம்’ என்றவர்களையும் ‘தெரியாது’ என்றவர்களையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பதில் சொல்லாதவரை எதிர்ப்பாளர் கணக்கில் சேர்ப்பது இந்த வகை ஆய்வில் சாதாரணமாக நடக்கும் தவறு. பிரித்து எண்ணிவிட்டு, ‘தெரியாது’ என்றவர்களில் 20 பேரை மட்டும் தொகை எழுதிய புதிய தாளோடு மறுபடி போய்ப் பாருங்கள். ஊரும் தெருவும் குறித்து வைத்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். அந்த 20 பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்த பிறகு 15 ஊர்களுக்கான புதிய தாளை அச்சுக்குக் கொடுங்கள்.